பூண்டு வாங்க மறக்காத, பேராண்டி

வாய்யா பேராண்டி, வா. பெங்களூருலருந்து ராத்திரியோட ராத்திரியா ஓட்டியாந்து, வாசல்ல வண்டிய நிப்பாட்டி, டிக்கியத் தெறந்து போட்டிருக்கியே, நான் என்னமோ சீர்வரிசைதான் வந்து எறங்குதாக்கும்னு வேட்டிய இறுக்கிக் கட்டிட்டு எந்திரிச்சேன். எட்டிப் பாத்தா கூடாரம், மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, மடக்கு அடுப்பு, மடக்கு வாளி! அம்புட்டும் மடங்குது, ஒன் முழங்காலத் தவிர. திண்ணையில ஒக்காருய்யான்னா தூணப் புடிச்சுக்கிட்டுல்ல எறங்குற!

ஒங்க அம்மாச்சி எல்லாத்தையும் சொன்னா. "ஏழு நாளு, ஒத்தையில, கொடைக்கானல் மலையில. பகல் பூராம் நடக்கப் போறானாம், ராத்திரி காருக்குள்ள படுக்கப் போறானாம்"னு சொல்லிட்டு முந்தானையில மூக்கச் சிந்துனா. நான் சிரிச்சேன். மலை ஏறுறது நம்ம வம்சத்துக்கு என்ன புதுசா? அமெரிக்கப் பாதிரிமாரு 1845-லயே கொடைக்கானல்ல பங்களா கட்டிக் குடியேறிட்டாங்க. காரு போற ரோடு வந்தது 1914 வாக்குலதான். நடுவுல எழுவது வருசம் தொரைமாரெல்லாம் பறந்தா போனாங்க? இந்தா, நம்ம பெரியகுளத்துக்குப் பக்கத்துத் தோப்புலருந்து டோலியில ஏறி ஒக்காந்து, நம்ம ஆளுக தோள் மேலதான் போனாங்க. தூக்குனவங்கள்ல எங்க பாட்டனும் ஒருத்தரு. தொர மேல போயி, என்ன காத்து என்ன குளிர்ச்சின்னு ஊருக்குக் கடுதாசி எழுதுனாரு. பாட்டன் கீழ எறங்கி வந்து கால்ல வெளக்கெண்ணெ தேச்சுக்கிட்டாரு. இப்ப நீ சொந்தக் காசுல, லீவு போட்டு, ஒன் மூட்டைய நீயே சொமந்துட்டு ஏறப் போற. தொரையும் நீயே, டோலிக்காரனும் நீயே. அஞ்சு தலைமொறையில எம்புட்டு முன்னேத்தம் பாத்தியா!

போகாதன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீ கேக்கவா போற? முப்பது வருசம் இந்த மலையிலருந்து இங்கிலீஷ் காய் லாரி எறக்குனவன்கிற மொறையில நாலு வார்த்த சொல்றேன். புடிச்சாக் கேளு. புடிக்காட்டி காதுல வெள்ளையா ஒரு பூச்சி மாட்டியிருந்தியே, அதயே மறுபடி மாட்டிக்க.

மொதல்ல என் சோலி. போறது போற, தாத்தனுக்குத் தெனம் ஒரு வேல பாத்துட்டுப் போ. எழுதிக்க. திங்கக்கெழம பெருமாள்மலை முக்குல மலைவாழப்பழம் ஒரு சீப்பு. செவ்வாக்கெழம வட்டக்கானல் டீக்கடையில எனக்கு நாப்பது ரூவா பழைய பாக்கி, அதத் தீத்துரு. புதன் வெள்ளகவியில என் கூட்டாளிக்கு ரெண்டு கவுளி வெத்தல. வியாழன் பூம்பாறையில மலைப்பூண்டு கால் கிலோ. வெள்ளி மன்னவனூர்ல, போன வருசம் நான் விட்டுட்டு வந்த கம்பளி. சனி தாண்டிக்குடியில காப்பிக்கொட்ட, வறுத்தது. எல்லாத்தையும் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிச்சுரணும், சொல்லிட்டேன்.

என்ன மூஞ்சி சுருங்குது? தனிமையத் தேடிப் போறவன்கிட்டப் பலசரக்குச் சீட்டுக் குடுக்குறானே கெழவன்னா? பேராசக்காரன்னு நெனச்சுக்க. எனக்கொண்ணும் வருத்தமில்ல.

அடுத்தது அனுமதி. மலை என்ன மாமியா வீடா, நெனச்சா நொழைய? மாமியா வீட்டுக்கே போன் போட்டுட்டுத்தான் போகணும். 2024 மே 7-லருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேணும்னு ஐகோர்ட்டு சொல்லிருச்சு. 2025 கோடையில வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு கொடைக்கானலுக்குக் கணக்கே போட்டாங்க. பாவம், மலையும் எம்புட்டுத்தான் தாங்கும்? அஞ்சு லிட்டருக்குக் கொறஞ்ச பிளாஸ்டிக் தண்ணிப் பாட்டிலும் மேல ஆகாது. அதனால அந்த அட்டப்பெட்டி நெறைய வாங்கி அடுக்கியிருக்கியே பாட்டிலு, அத இங்கயே எறக்கி வச்சுட்டு, ஒங்க அம்மாச்சி தர்ற எவர்சில்வர் தூக்க எடுத்துட்டுப் போ. அசிங்கமா இருக்கும்னு பாக்காத. ஒன்னப் பாக்குறதுக்கு அங்க கொரங்குகதான் நிக்கும்.

காட்டுக்குள்ள நெனச்ச எடத்துல கூடாரம் அடிக்கலாம்னு யாரோ ஒனக்குச் சொல்லியிருக்காங்க. சொன்னவன் வந்து ஜாமீன் எடுப்பானான்னு கேட்டு வச்சுக்க. அது சரணாலயம்யா. அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல 2013-ல அறிவிச்சுட்டாங்க. பேரிஜம் ஏரியப் பாக்கணும்னாலும் வனத்துறைகிட்டச் சீட்டு வாங்கிப் பகல்ல போயிட்டுப் பகல்லயே திரும்பணும். சரி, ரோட்டோரமா காரப் போட்டுப் படுத்துக்கிறேங்கிறியா? ராத்திரி ஒண்ணு போலீசு தட்டும், இல்ல காட்டுமாடு தட்டும். போலீசு கண்ணாடியத்தான் தட்டும். மாடு காரையே தட்டும். பேசாம ஊருக்குள்ள போயி, ஒரு வீட்டுக்காரர்கிட்ட "அய்யா, களத்துல ஒரு ராத்திரி வண்டி நிப்பாட்டிக்கிரட்டுமா"ன்னு கேளு. கேக்குறதுக்கு இங்கிலீஷ் வேணாம். வாய் இருந்தாப் போதும். காலையில காப்பித்தண்ணி தானா வரும்.

வண்டி ஓட்டுற வித்தைய ஒனக்கு நான் சொல்லித் தரணுமா? ஒன் கார்ல பொத்தான அமுக்குனா அதுவே கியர் மாத்திக்கிருமாமே. ஏறுறப்ப மாத்திக்கிரட்டும், குத்தமில்ல. எறங்குறப்ப மட்டும் அது புத்திய நம்பாத. எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு. பிரேக்குலயே கால வச்சு அமுக்கிட்டு வந்தா சக்கரத்துல தீஞ்ச வாட வரும். அடுத்த வளைவுல பிரேக்கு அமுங்கும், வண்டி நிக்காது. வாட வந்துருச்சுன்னா ஒதுக்கமான எடத்துல நிப்பாட்டி, ஆற விடு. தண்ணி ஊத்திராத. ஏறி வர்ற வண்டிக்கு எறங்குறவன் வழி விடணும். அது சட்டம் மட்டுமில்ல, ஏத்தத்துல நின்னு மறுபடி கெளம்புறவன் வயித்தெரிச்சல் பொல்லாதது. டம்டம் பாறைகிட்ட வண்டிய ஓரங்கட்டி எலிவால் அருவியப் பாரு. 975 அடி ஒசரத்துலருந்து வெள்ளையா நூலு மாதிரி விழுகும். ஓட்டிக்கிட்டே பாத்தேன்னு வையி, நீ எம்புட்டு அடி விழுந்தன்னு அளந்து சொல்ல வேற ஆளு வேணும்.

இப்ப படுக்கைக்கு வருவோம். இங்க பகல்ல முப்பது டிகிரின்னா ஆயிரம் அடிக்கு ரெண்டு டிகிரி கொறையும்னு வச்சுக்க. நம்ம ஊரு ஆயிரம் அடி. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. பன்னெண்டு டிகிரி போச்சா? அது பகல் கணக்கு. தை மாசத்து ராத்திரியில மன்னவனூர்ப் பக்கம் புல்லு மேல உப்புத் தூவுன மாதிரி ஒறபனி கெடக்கும். நீ மேல போத்திக்கிறதுக்கு ஆறாயிரம் ரூவாய்க்குப் பை வாங்கியிருக்க, சரி. கீழ என்ன விரிப்ப? குளிரு மேலருந்து வர்றதவிடக் கீழருந்துதான்யா ஏறும். சீட்டு மேல ஒரு சாக்கு, அது மேல ஒரு சமுக்காளம். காசு கேக்காது. பரண்ல கெடக்கு, எடுத்துக்க.

குளிருதுன்னு எஞ்சினப் போட்டு, கண்ணாடிய ஏத்தி, ஹீட்டர வச்சுத் தூங்குனியோ, அடுத்த நாள் காலையில ஒன்னத் தூக்கித்தான் எறக்கணும். எஞ்சின் புகையில இருக்குற நஞ்சுக்கு வாடையும் கெடையாது, நெறமும் கெடையாது. இருமல் கூட வராது. சொகமாத் தூக்கம் வரும், அம்புட்டுத்தான். கரி அடுப்பக் கூடாரத்துக்குள்ளயோ காருக்குள்ளயோ வைக்கிறதும் அதே கததான். குளிருக்கு அடக்கமா இருக்கட்டும்னு கரிய ரூமுக்குள்ள வச்சுட்டுத் தூங்கி, எந்திரிக்காமயே போன புள்ளைகள நானே கேள்விப்பட்டிருக்கேன். எஞ்சின அணைச்சுரு. ரெண்டு பக்கக் கண்ணாடியையும் ஒரு வெரக்கட எறக்கி வையி. இல்லாட்டி ஒன் மூச்சே கண்ணாடியில தண்ணியா வழிஞ்சு, காலையில ஒன்னையே குளிப்பாட்டி விட்டுரும்.

வண்டிய நிப்பாட்டுறப்ப மூஞ்சி ரோட்டப் பாத்து இருக்கட்டும். நடுச்சாமத்துல கெளம்பணும்னா ரிவர்சு எடுத்துக்கிட்டு நிக்கக் கூடாது. தைல மரத்துக்குக் கீழ நிப்பாட்டாத, கெள முறியுறப்ப சொல்லிட்டு முறியாது. ஓடக்கரையிலயும் வேணாம். சக்கரத்துக்குக் கல்லு வையி. காலையில கல்ல எடுத்துட்டுக் கெளம்பு. இத எதுக்குச் சொல்றேன்னா, ஒரு தடவ கல்ல எடுக்க மறந்து, லாரி ஏன் நகர மாட்டேங்குதுன்னு எஞ்சினப் பூராக் கழட்டிப் பாத்த மேதாவி ஒருத்தன நான் நல்லா அறிவேன். ஆளத் தேட வேண்டாம், கண்ணாடியில தெனம் பாக்குறேன்.

சோறு ஆக்கப் போறியாக்கும். ஆக்கு. கீழ தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். ஏழாயிரம் அடியில காத்து லேசாப் போறதால 93-லயே கொதிச்சுரும். சீக்கிரம் கொதிச்சா சீக்கிரம் வெந்துரும்னு நீ நெனப்ப. அதான் இல்ல. கொதிக்குமே ஒழிய சூடு பத்தாது. தளபுள தளபுளன்னு சத்தம் போட்டுக்கிட்டு அரிசி அப்பிடியே கெடக்கும், நம்ம ஊரு மேடப் பேச்சு மாதிரி. பருப்பு அதவிட. சின்னக் குக்கர் ஒண்ணு எடுத்துக்க. இல்லாட்டி ஒங்க அம்மாச்சி கட்டிக் குடுக்குற புளிச்சோத்த ரெண்டு நாளைக்குத் தின்னு, அவல நனச்சு வெல்லம் போட்டுத் தின்னு, நடக்குறப்ப கடலமிட்டாய மெல்லு. தின்னுட்டு மிச்சத்தக் காருக்குள்ளயே தெறந்து வச்சுட்டுப் போயிராத. கொரங்குக்குக் கண்ணாடி எறக்கியிருக்குற ஒரு வெரக்கட போதும். புளிச்சோறு கெடைக்காட்டி மழத்தண்ணி தொடைக்கிற குச்சியப் புடுங்கிட்டுப் போகும், கோவத்துல.

நட. அதுக்குத்தான போற. ஆனா அந்தப் புதுச் செருப்ப... சரி, பூட்ஸு. நேத்து வாங்குனதா? நேத்து வாங்குன பூட்ஸும் நேத்துக் கட்டுன பொண்டாட்டியும் பழகுறதுக்கு நாளாகும்யா. இன்னைக்கே மாட்டிக்கிட்டு வயக்காட்டச் சுத்தி வா. கடி எங்க விழுகுதுன்னு இங்கயே தெரிஞ்சுரும். இன்னொண்ணு, கால் நகத்த ஒட்ட வெட்டிட்டுப் போ. சிரிக்காத. ஏறுறப்பக் குதிகாலு வலிக்கும், அது நாலு நாள்ல போயிரும். எறங்குறப்ப ஒவ்வொரு எட்டுக்கும் பெருவெரல் போயி பூட்ஸு மூக்குல முட்டும். நீள நகம் இருந்துச்சுன்னா சாயங்காலம் கருப்பாயிரும், மாசி மாசம் கழண்டு விழும். லட்ச ரூவா சாமானப் பாத்துப் பாத்து வாங்குனவன் நகம் வெட்ட மறந்தான்கிற கத நம்ம குடும்பத்துல வேணாம்.

ஒன் தங்கச்சி ஒரு கணக்குப் படிச்சுக் காட்டுனா. நைஸ்மித்துன்னு ஸ்காட்லாந்துக்காரரு ஒருத்தரு 1892-ல போட்ட கணக்காம். மூணு மைலு நடக்க ஒரு மணி நேரம், ரெண்டாயிரம் அடி ஏறுறதுக்கு மேக்கொண்டு ஒரு மணி நேரம். நல்ல கணக்குதான். ஆனா அந்தத் தொர வழியில நின்னு போட்டோ எடுக்கல. அந்தப் போட்டோவுல தலமுடி சரியில்லன்னு மறுபடி எடுக்கல. அதனால நீ அவரு கணக்க ரெண்டால பெருக்கிக்க.

பெருக்கியாச்சா? இப்ப என் கணக்கக் கேளு. வெள்ளன கெளம்பு. மணி பன்னெண்டரை ஆச்சுன்னா, உச்சி கண்ணுக்கு எதுக்க நின்னு கையத் தட்டிக் கூப்புட்டாலும் திரும்பிரு. ஏன்னா, மத்தியானத்துக்கு மேல கீழ்நாட்டுச் சூட்டுக்கு மஞ்சு கெளம்பி மலமூஞ்சியில ஏறும். வட்டக்கானல் பக்கம் நின்னு பாத்தின்னா, இப்ப இருந்த மரம் அடுத்த நிமிசம் இருக்காது. வெளிச்சமும் நம்மூருக் கணக்கு இல்ல. கெழக்குச் சரிவுல நிக்கிறவனுக்குச் சூரியன் மலைக்கு அங்கிட்டுச் சாஞ்சுரும். பெங்களூருல பொழுது சாய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குறப்பவே சோலைக்குள்ள இருட்டிரும். உச்சிக்குப் போயிட்டேன்னு நீ சொல்றதுல பாதிதான் உண்ம. அது பாதி வழி. மீதிப் பாதி எறக்கம். முட்டி நடுங்குறது, கால் பெரளுறது எல்லாம் அந்தப் பாதியிலதான். உச்சி எங்கயும் ஓடிப் போகாது. எங்க பாட்டன் காலத்துலருந்து அங்கதான் நிக்குது.

காலைக் கடனுக்கு ஒதுங்குறப்ப ஓடைக்கு எரநூறு அடி தள்ளிப் போ. ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிட்டு வா. ஏன்னு கேக்குறியா? நீ மேல கழுவுறதுலதான் நான் கீழ கும்பக்கரையில குளிக்கிறேன். கண்ட எலையையும் பறிச்சுத் தொடச்சுராத. செந்தட்டின்னு ஒண்ணு இருக்கு. பாக்கப் பச்சப்பசேல்னு பதவிசாத்தான் இருக்கும். பட்டுச்சுன்னா அடுத்த ரெண்டு நாளைக்கு நீ காரு ஓட்டுறது நின்னுக்கிட்டுத்தான்.

சோலைக்குள்ள ஈரமிருந்தா தையிலயும் அட்டை இருக்கும். கடிச்சா வெடுக்குன்னு இழுக்காத. சப்புற வாய்கிட்ட நகத்தக் குடுத்து நெம்பி விடு. அப்பறமும் ரத்தம் நிக்காம ஒழுகும், ஏன்னா அது ரத்தத்த ஒறைய விடாத மருந்த உள்ள விட்டுட்டுத்தான் சப்பும். சாக மாட்ட. அட்டையாவது வயிறு ரொம்புனா தானா விழுந்துரும்யா. எனக்குத் தெரிஞ்ச கடங்காரன் ஒருத்தன் இருவது வருசமா விழல.

காட்டுமாடு விசயத்துல மட்டும் வெளையாட்டு வேணாம். கருகருன்னு ஒடம்பு, நாலு காலுலயும் வெள்ளக் காலுறை போட்ட மாதிரி நிக்கும், பள்ளிக்கொடத்துக்குப் போற புள்ள கணக்கா. எட ஒரு டன் வரும். கொடைக்கானல் கடைத்தெருவுலயே நடமாடும். சாதுவாத்தான் மேயும். அந்தச் சாதுவ நம்பி முதுகக் காட்டி நின்னு கூடச் சேத்துப் போட்டோ எடுக்குறவனத்தான் அது தூக்குது. வழியில நின்னா நீ நில்லு. அது போனதுக்கு அப்பறம் போ. கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல போயிராத. அடுக்கம் பக்கம், கீழ்ச்சரிவுல யானையும் உண்டு. பச்சச் சாணி ஆவி பறக்கக் கெடந்துச்சுன்னா, அது மலை ஒனக்கு எழுதுன கடுதாசின்னு நெனச்சு, படிச்ச ஒடனே திரும்பிரு.

இங்க கொஞ்சம் கிட்ட வாய்யா. இது ஒண்ண மட்டும் சிரிக்காமச் சொல்றேன்.

2018 மார்ச் 11. இந்தா, நம்ம தேனி மாவட்டத்துக் குரங்கணி. ஒன்ன மாதிரிப் படிச்ச புள்ளைக, வேலைக்குப் போற புள்ளைக, சனி ஞாயிறு லீவுக்கு நடக்க வந்தவங்க. சரிவுல காஞ்ச புல்லுல தீ புடிச்சுருச்சு. எறக்கத்துல தீ நடக்கும், ஏத்தத்துல ஓடும். மேல இருக்குற புல்லக் கீழ இருக்குற அனல் முன்னாடியே காய வச்சுக் குடுத்துருது. மனுசன் மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கி ஏறுறதுக்குள்ள அது மேல போயி நின்னுரும். 20-க்கு மேல உசுரு போச்சு. அன்னைக்கு ராத்திரி போடியிலருந்து தேனி வரைக்கும் ஆம்புலன்சுச் சத்தம் ஓயல. எங்க தெருவுல எவன் வீட்லயும் அடுப்பெரியல. அதுக்கப்பறம்தான் மலை நடைக்குன்னு சட்டதிட்டம் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசாங்கமே 40 பாதையத் தெறந்து, ஆன்லைன்ல சீட்டுக் குடுத்து, கூட அந்தந்த மலைப் புள்ளைகளையே வழிகாட்டியா அனுப்புறாங்க. குரங்கணியிலருந்து போற பாதை ஒண்ணும் அதுல இருக்கு. கோடையில தீக்காலம் வந்தா மூடிருவாங்க. மூடுனா மூடுனதுதான். வேலி தாண்டிப் போறது வீரமில்ல. கூடாரத்துக்கு முன்னாடி வெறகக் குமிச்சுத் தீ வளத்து, ஒக்காந்து பாக்கணும்னு ஆசப்பட்டு ஒரு எரியூட்டிப் பொட்டலம் வாங்கி வச்சிருக்கியே, சீட்டுக்கு அடியில, பாத்துட்டேன். அது இங்கயே இருக்கட்டும். அம்மாச்சி அடுப்புப் பத்த வைக்க ஆகும்.

ம். இப்ப என் கதைக்கு வர்றேன். இம்புட்டும் பேசுற தாத்தன் யோக்கியமான்னு நீ கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன்.

கல்யாணமாகி மூணாவது மாசம். ஐப்பசி. மீசை முறுக்குற வயசு. டீக்கடையில பேச்சு வாக்குல, கும்பக்கரையில கெளம்பி வெள்ளகவி ஏறி, கோயில் துன்னூற எடுத்துட்டு, வெளக்கு வைக்கிறதுக்குள்ள எறங்கிருவேன்னு பந்தயம் போட்டுட்டேன். பந்தயம் என் சேவலு. செவப்புச் சேவலு, தெருவே கண்ணு வைக்கும். வீட்ல சொன்னா விடுவாளா? வத்தலக்குண்டுச் சந்தைக்குப் போறேன்னு ஒங்க அம்மாச்சிகிட்டச் சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்.

ஏறுறப்ப ஒரு ஓடை, முழங்காலளவு தண்ணி. பாட்டுப் பாடிக்கிட்டே கடந்தேன். வெள்ளகவி ரோடே இல்லாம பல தலைமொறை பாத்த ஊரு. குதிரை மேல சாமான் ஏத்திட்டுப் போவாங்க. கோயிலு நெறஞ்ச ஊருன்னு ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடுறதில்ல. நீயும் அந்தப் பூட்ஸ எல்லையிலயே கழட்டிரு. துன்னூற மடியில முடிஞ்சுட்டு எறங்குறேன், மணி மூணு இருக்கும். தலைக்கு மேல நல்ல வெயிலு. காதுல மட்டும் ஒரு எரைச்சல். வந்து பாக்குறேன், என் முழங்கால் ஓடையக் காணோம். செக்கச் செவேல்னு, நெஞ்சளவுக்கு மேல, மரக்கட்டைய உருட்டிக்கிட்டு ஒரு ஆறு ஓடுது. மேல கொடைக்கானல்ல கொட்டித் தீத்த மழை, எனக்குச் சொல்லாம எனக்கு முன்னாடி எறங்கி வந்துருச்சு. இன்னைக்கும் மேல மழைன்னா கும்பக்கரையில குளிக்க விட மாட்டாங்களே, அதே சமாச்சாரந்தான்.

ஒரு பாறை மேல ஏறி ஒக்காந்தேன். பொழுது போச்சு. இருட்டுன்னா இருட்டு, கைய மூஞ்சிக்கு முன்னாடி ஆட்டுனாத் தெரியல. மடியில துன்னூறு, சுருக்குப்பையில நாலு வெத்தல. ஒண்ணொண்ணா மென்னேன். நாலாவது வெத்தலையில எனக்கு ஒரு ஓசன வந்துச்சுய்யா. இப்ப இந்தப் பாறையிலருந்து வழுக்கிக் கால் ஒடஞ்சு கெடந்தா என்னாகும்? ஒங்க அம்மாச்சி தேடச் சொன்னா வத்தலக்குண்டுச் சந்தையிலதான் தேடுவாங்க. கூட்டாளிக, தோத்துட்டு வெக்கப்பட்டு வீட்ல படுத்துக்கெடக்கான்னு நெனப்பாங்க. நான் எங்க இருக்கேன்னு ஒலகத்துல ஒரு சீவனுக்குத் தெரியாது. குளிரு அம்புட்டா நடுக்கல. இந்த நெனப்புதான் விடிய விடிய நடுக்குச்சு.

விடிஞ்சு, தண்ணி வடிஞ்சு, எறங்கி வந்தேன். கூட்டாளிக சேவல அடிச்சுத் தின்னு, எலும்ப நாய்க்குப் போட்டு முடிச்சிருந்தாங்க. வீட்டுக்கு வந்தா ஒங்க அம்மாச்சி வாசல்ல நிக்கிறா. "சந்தையில என்ன வாங்குனீக?"ன்னா. நான் மடிய அவுத்தேன். நனைஞ்சு கட்டி கட்டியாத் துன்னூறு. அதப் பாத்தா, என்னப் பாத்தா. "சந்தையில இப்ப துன்னூறா விக்கிறாக?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. அம்பது வருசத்துக்கு மேலாச்சு, நான் வத்தலக்குண்டுன்னு வாயத் தெறந்தா இன்னமும் துன்னூறு வாங்கிட்டு வரச் சொல்லுவா. கேட்டுப் பாரு.

என்னது? ஒனக்கு அந்தப் பிரச்சின வராதா? எங்க இருக்கன்னு செல்போன் அதுபாட்டுக்குக் காட்டுமா? காட்டும் ராசா, டவர் இருக்குற எடத்துல நல்லாவே காட்டும். டவர் இருக்குற எடத்துல நீ ஏன் தொலையப் போற?

சரி, பேசிக்கிட்டே இருந்தா வெயில் ஏறிரும். சமுக்காளத்த எடுத்துட்டியா? குக்கரு? நகவெட்டி அலமாரியில இருக்கு. ஞாயித்துக்கெழம சித்தரேவு வழியா எறங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரு. சேவல் அடிச்சு வைக்கிறேன். இந்தத் தடவ எனக்கும் ஒரு துண்டு கெடைக்கட்டும்.

இரு இரு, கெளம்பிராத. ஒன் வண்டி நம்பரச் சொல்லு, இந்தக் காலண்டர் தாள்ல எழுதிக்கிறேன். நெறம் என்ன இது, சாம்பலா? போட்டிருக்குற சட்டையும் இதானே? எதுக்கா? பூம்பாறைக்காரரு பூண்ட எடுத்து வச்சுருப்பாருல்ல, ஆள் அடையாளம் தெரியணும்ல. பெருமாள்மலைக்காரருக்கும் வட்டக்கானல் டீக்கடைக்கும் நேத்தே சொல்லிட்டேன். வெள்ளகவிக் கூட்டாளி வெத்தலைக்கு வழிமேல கண்ணா நிப்பான், மன்னவனூர்க்காரரும் கம்பளிய வெயில்ல காயப் போட்டாச்சாம். எல்லாரும் தங்கமான மனுசங்க. ஒரே கொணம், சொன்ன நேரத்துக்கு ஆள் வரலைன்னா அவங்களுக்கு இருப்புக் கொள்ளாது. வியாழக்கெழம அஞ்சு மணிக்குள்ள நீ வந்து பூண்ட வாங்கலைன்னு வையி, அஞ்சே காலுக்கு எனக்குப் போன் போட்டுருவாரு. அஞ்சரைக்கு நான் வனத்துறைக்குப் போட்டுருவேன். பூண்டு வீணாப் போயிரக் கூடாதுல்ல?

சிரிக்காத. பூண்டு ஒரு ராத்திரியில கெட்டுப் போகாதுன்னு எனக்கும் தெரியும்.